சாயம் போன சிவப்பு நூல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் குறட்டை எல்லோரையும்விடச் சுகம். நீயும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாயிருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேலை போய்விட்டதென்று உன் சித்தப்பா எழுதினாராமே. அவருக்குப் பாதி காதில் விழுந்தால் போதும், மீதியை அவரே தைத்துக்கொள்வார். வேலை போகவில்லை. அதற்காக நீ கப்பல் பட்டறையை விட்டுவிட்டு ஓடி வராதே, நடந்ததைச் சொல்கிறேன் கேள்.

எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்து முறைதான் உனக்குத் தெரியுமே. வெள்ளைத்தோல்காரர்கள் படுக்கிற விரிப்புக்கு மூலையில் சிவப்பு நூல், கறுப்பு வேலையாட்கள் படுக்கிற விரிப்புக்கு நீல நூல், இரண்டையும் ஒரே தொட்டியில் நனைக்கக்கூடாது. அன்றைக்கு எல்லாம் கொடியில் காயும்போது மழை வந்துவிட்டது. நானும் இஸ்திரி போடுகிறவளும் ஓடி அள்ளி ஒரே குவியலாகப் போட்டோம், நூலைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று. பார்த்தால் புது நூல் மட்டமான நூல், சாயம் வெளுத்து சிவப்பும் போச்சு நீலமும் போச்சு. மேஸ்திரி வந்து என்ன செய்தார் தெரியுமா, வெளுத்து சோப்பு மணக்கிற விரிப்பை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, இது எங்களுடையது, இது உங்களுடையது என்று பிரித்தார். என் வாய் சும்மா இருக்குமா, ஐயாவுக்குத் தும்மல் வந்தால் அந்த விரிப்பை எந்தப் பக்கம் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், நான் வேண்டுமென்றே கலந்தேன் என்று வெளியே போகச் சொல்லிக் கத்தினார்.

இஸ்திரிக்காரி மேஸ்திரியைப் போலவே வெள்ளைத்தோல்காரி. அவளிடம் மேஸ்திரி குரலைத் தணித்து, "நீ நம்ம பொண்ணு, இவதானே கலந்தா, சொல்லு" என்றார். தலையை ஆட்டியிருந்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "முதல்ல அள்ளினது நான்தான்" என்றாள். அதே நேரம் நம் ஆட்கள் எல்லோரும் துவைப்பதை விட்டு ஈரக்கையோடு வாசலில் வந்து நின்று, என்னை அனுப்பினால் தாங்களும் போவதாகச் சொன்னார்கள். மேஸ்திரி என்னை விட்டுவிட்டார், அவளை மின்விசிறிக்கடியிலிருந்து எழுப்பி எங்கள் துவைகல்லுக்குத் தள்ளிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. துணி பிழிகிற இயந்திரத்தின் சத்தத்தில் அவள் சொன்னது வாசலில் நின்ற யாருக்கும் கேட்கவில்லை. அவள் மேஸ்திரி உளவுக்கு அனுப்பிய ஆள், இங்கே இடம் தரக்கூடாது என்று நம் ஆட்கள் கூட்டம் போட்டார்கள். நம்மிடத்தில் இடமில்லையென்றால் அவளுக்கு வேலையே இல்லை, அவளுடைய ஆட்களோ அதற்குள் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். எனக்காகப் பிழைப்பையே விடத் துணிந்தவர்களுக்கு எதிராக எந்த வாயால் பேசுவது. எழுந்து நின்றபோது நம் தொழிற்சங்கத்துத் தம்பி, நீ எங்க பக்கமா அவ பக்கமா என்று கேட்டான். "வெளியில நீங்க எனக்காக நின்னீங்க. உள்ள அவ நின்னா. அதுல யாரைடா நான் மறக்கறது?" என்றேன், நடந்ததையும் சொன்னேன். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை, எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள். கூட்டம் அப்படியே கலைந்தது. மறுநாள் காலை அவள் வந்து நின்றாள், உட்காரவில்லை. சோப்பு கரைக்கிற அக்கா அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் வாளியைத் தள்ளி வைத்து இடம் விட்டாள்.

அவளுக்குத் துவைக்கவே தெரியவில்லையடா, என் சேலையெல்லாம் நனைத்துவிடுகிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாய்த்த மனிதர்களை நினைத்தால் மனசு நிறைந்திருக்கிறது. உனக்கும் அப்படி மனிதர்கள் வாய்க்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு. பட்டறையில் செருப்பில்லாமல் நடக்காதே.

உன் வாயாடி அம்மா