மூன்றாம் மாடியின் முறை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதத்தான் கை போனது. பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம்.

நீ வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் காரைக் குறை சொல்லமாட்டேன். சத்தமில்லை, குலுங்கலில்லை, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அப்பா கண்ணயர்ந்துவிடுகிறார். அதற்குத் தீனி போடுவதுதான் பெரும்பாடு. பதினாறு வீட்டுக்குக் கீழே ஒரே ஒரு பிளக். நீ வாங்கும்போது நம் கார் ஒன்றுதான், இப்போது ஏழு. ஆளுக்கொன்று போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு, மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர் தெருமுனை டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்தார். "இதுவே மூச்சு வாங்குது. இன்னும் ஏத்தினா தெருவே இருட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் செயலாளர், நீ 'சுற்றறிக்கை' என்று பட்டம் வைத்தாயே அவர்தான், வீட்டுக்கு நான்கு மணி நேரம் என்று முறை போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். வெளியில் பெரிய கடைக்கு எதிரே நான்கு சார்ஜர் உண்டு. ஒன்றில் திரை செத்துவிட்டது, ஒன்றில் ஒயரையே காணோம். மூன்றாவதன் முன்னால் எவனாவது பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போயிருப்பான். மிச்சம் ஒன்றுக்குத்தான் வரிசை. போன் ஆப்பில் பார்த்தால் மட்டும் நான்கும் பச்சை, வேலை செய்கிறதாம்.

சுற்றி வளைத்தது போதும். போன வியாழன் நம் முறை மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை. பன்னிரண்டு ஐந்துக்குப் போன கரண்ட், நான்கு மணிக்குத்தான் வந்தது. அடுத்து மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் முறை. அவர் தன் வண்டியை மாட்டிவிட்டு மேலே போய்விட்டார். மறுநாள் காலை ஆறுக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். வண்டியில் போய்வரும் அளவு சார்ஜ் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். எனக்கு ரோஷம். பத்து நிமிஷம் தாமதமாகக் கழற்றியதற்கு முந்தின வாரம்தான் அவரை எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்திருந்தேன். அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நம்முடையதை மாட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மேலே வந்தால் அப்பா வாந்தி. அவரைக் கழுவி, துணி மாற்றி, படுக்கவைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஓடிப்போய் அவருடையதை மறுபடி மாட்டினேன். எட்டு மணிக்கு அவர் வந்து கழற்றிக்கொண்டு போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

விடிகாலை அவர் அம்மாவுக்கு மோசம் என்று போன் வந்திருக்கிறது. மூன்று மணி நேரப் பயணம். அவ்வளவு தூரத்துக்கு டாக்சிக்காரர் ஒருத்தரும் ஒப்பவில்லையாம். நான் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது அவர் பெரிய கடை எதிரே, அந்த ஒற்றைச் சார்ஜருக்கு வரிசையில் நின்றிருந்தார். கையசைத்தார். விஷயம் தெரியாமல் நானும் அசைத்தேன். அவர் ஊருக்குப் போனபோது அந்த அம்மா உயிர் பிரிந்து அரை மணி நேரமாகிவிட்டதாம்.

இன்று லிஃப்டில் பார்த்தேன். "கரண்ட் விட்டு விட்டு வந்திருக்கும் போல அக்கா, ஏறவே இல்ல. நான்தான் பாத்திருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு, "இனிமே என் வியாழக்கிழமை முறையையும் நீங்களே எடுத்துக்குங்க. வாரா வாரம் அம்மாவப் பாக்கப் போகத்தான் அது வேணும்னு கேட்டிருந்தேன். இனி எனக்கெதுக்கு" என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். உன் அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள், கண்ணு.

நாளை வியாழன். நான்கு மணிக்கு அவர் கதவைத் தட்டிச் சொல்லிவிடப் போகிறேன். உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் இதைக் காலையிலேயே தபாலில் போடுகிறேன். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் அந்த வண்டியில் காலே வைக்கமாட்டார்.

லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் ஒரு நாள் இங்கிருந்து அப்படியொரு போன் வரும். அன்றைக்கு நீ வரும் வழியெல்லாம் திறந்திருக்கட்டும். என்னைப் போல ஒருத்தி உன் குறுக்கே இல்லாமல் இருக்கட்டும்.

உன் அம்மா