கோணல் சுவருக்கு ஒரு பலகை

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் காப்பி ஆறுவதற்குள் என் வீட்டுக்காரி அறிவித்துவிட்டாள். "இந்த மாசக் கடைசியில நான் பெரியவன் வீட்டுக்குப் போறேன். அங்கயும் ஜன்னல்தான். ஆனா வேற ஜன்னல்."

பெரிய மகன் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் கட்டில் போட இடம் உண்டு. அதைக் கேட்டேன். "நீங்க இங்க மக வீட்டுலயே இருங்க. மாப்பிள்ளைக்குத் துணையா இருக்கும்" என்றாள். ஐம்பத்தோரு வருஷத்தில் இவள் எனக்குச் சொன்ன மிகக் கொடிய வார்த்தை இதுதான்.

அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து நாலு மாசம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறாள். அறையைத் தாண்டினால் பால்கனி. யாரையும் எதிர்பார்க்காமல் அவள் போகக்கூடிய ஒரே வெளியிடம் அதுதான். ஆனால் பால்கனித் தரை ஒரு படி கீழே கிடக்கிறது. வாக்கர் இறங்காது.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவதை போன் எழுதிக்கொள்கிறது. செய்தி வாசிக்கிறவரைப் போலப் பேசினால் பிழையில்லாமல் எழுதும் என்றாள் மகள். அதனால்தான் இத்தனை மரியாதையான தமிழ். எழுதினதை என்னால் படிக்க முடியாது, மாப்பிள்ளையால் முடியும். படிக்கட்டும்.)

செப்டம்பர் 4, வியாழன்

தரையை உயர்த்தினால் முடிந்தது. கீழே கட்டைகள், மேலே ஒரே பலகை, வாசல்படிக்குச் சமமாக. இதை நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை, தனக்கே தோன்றியது போலத் தலையாட்டினார்.

சிக்கல் பால்கனியில் இருக்கிறது. இடது சுவர் கோணல். வலது மூலையில் மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்று தரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. பலகையின் ஒரு ஓரம் சாய்ந்து போக வேண்டும், எதிர் மூலையில் குழாய்க்கு வட்டமாகக் கழுத்து வெட்ட வேண்டும். கட்டிடம் கட்டினவன் எந்த மயக்கத்தில் கட்டினானோ.

செப்டம்பர் 6, சனி

மரக்கடைக்குப் போனோம். என் வீட்டைவிடப் பெரிய ரம்பம். அதை ஓட்டுகிறவர் காதில் பெரிய மூடி போட்டிருந்தார். இவருக்குக் காதுமூடி என்று பெயர் வைத்துவிட்டேன். இந்த ஊர் மொழியில் அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குக் கேட்காது. சம நிலைமை.

மாப்பிள்ளை அரைமணி நேரம் கைகால் ஆட்டிப் பேசிவிட்டு வந்தார். "நேர்கோடுதான் வெட்டுவாங்களாம் மாமா. கோணல், வளைவு எல்லாம் கிடையாதாம்."

"அப்ப சதுரமா ஒரு பால்கனி வாங்கிட்டு வரச் சொல்றாரா?"

இதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஊருக்கு வெளியே ஒரு பட்டறை இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் படம் வரைந்து அனுப்பினால் மெஷின் அப்படியே வெட்டிவிடுமாம், முடி அளவு பிசகாதாம். மாப்பிள்ளை நாள் முழுக்கப் படம் வரைந்தார். மில்லிமீட்டரில். நடுநடுவே பெருமூச்சு விட்டார். ஒரு பலகைக்கு இத்தனை மூச்சு செலவாகிறது.

நான் காகிதத்தில் வெட்டித் தருகிறேன் என்றேன். நாற்பத்தாறு வருஷம் கட்டிங் மாஸ்டர். அளவு நோட்டே வைத்துக்கொண்டது கிடையாது, எல்லாம் மண்டையில். இவருடைய கல்யாணக் கோட்டு இப்போதும் ஞாபகம் இருக்கிறது: நெஞ்சு முப்பத்தெட்டு, இடது தோள் கால் அங்குலம் இறக்கம். துணிக்குள் பஞ்சு வைத்து மானத்தைக் காப்பாற்றினவன் நான்.

"இது துணி இல்ல மாமா" என்றார்.

செப்டம்பர் 13, சனி

பலகை வந்தது. வழுக்காத பலகை. மேல்பக்கம் சொரசொரப்பு, அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அழகான வெட்டு, முடி அளவு பிசகவில்லை.

குழாய்க் கழுத்து இடது பக்கம் இருந்தது. குழாய் வலது பக்கம் இருக்கிறது.

மாப்பிள்ளை பலகையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். திருப்பிப் போட்டால் பொருந்தும். ஆனால் வழவழப்பு மேலே வந்துவிடும். ஒரு இடுப்பு உடைந்தது போதாதா?

"எங்க கடையில ஒருத்தன் இருந்தான் மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தேன். "ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே வெட்டுவான்."

"அப்பா" என்றாள் மகள். அந்த ஒரு வார்த்தையில் மேல்கதை நின்றுபோனது. சாயங்காலம் மீதிக் கதையைச் சொல்லி முடித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காகிதம் எடுத்தேன். பார்சல் சுற்றி வந்த பழுப்புத்தாள், நல்ல கனம். பால்கனியில் விரித்து, சுவரோடு சுவராகத் தேய்த்து, சாக்கட்டியால் கோடு போட்டு, அறைக்குக் கொண்டுவந்து கத்தரியால் வெட்டினேன். ஒரே ஓட்டம். கத்தரி பாடியது.

"ஒரு தடவை அங்க விரிச்சுப் பார்த்துடலாமா மாமா?"

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே காகிதத்தைச் சுருட்டிவிட்டார்.

செப்டம்பர் 17, புதன்

பெரியவன் போன் செய்தான். இருபத்தெட்டாம் தேதி வந்து கூட்டிப்போகிறானாம். அவள் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். என் சட்டையும் ஒன்று அதற்குள் போய்விட்டது. கேட்கவில்லை. கேட்டால் எடுத்து வெளியே போட்டுவிடுவாள்.

செப்டம்பர் 20, சனி

இன்றைக்கு எழுதாமல் விட்டால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்?

சரி. பட்டறைக்காரர் என் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து அப்படியே வெட்டியிருந்தார். கழுத்து வலது பக்கம். கோணல் இடது பக்கம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை பலகையைச் சாய்த்து இறக்கினார். இறங்கவில்லை. அமுக்கினார். நானும் அமுக்கினேன். வெயிலில் மரம் ஊதியிருக்கும் என்றேன். வெயிலே இல்லை.

டேப்பை வைத்தார். ஒரு பக்கம் அரை அங்குலம் அதிகம். மறுபக்கமும் அரை அங்குலம். எல்லாப் பக்கமும், கழுத்தைச் சுற்றியும், கணக்காக அரை அங்குலம்.

கட்டிலில் இருந்து அவள் குரல் வந்தது. என் கடைக்கு முப்பது வருஷம் ஓரம் மடித்துத் தைத்தவள்.

"ஏங்க. தையலுக்கு விட்டீங்களா?"

என்னத்தச் சொல்றது. கோட்டுக்கு வெளிய அரை அங்குலம் தள்ளி வெட்டுறது கைக்குத்தான் தெரியும், அது எங்க நம்மளக் கேக்குது? பலகைய யாரு மடிச்சுத் தைக்கப் போறா?

அவள் சிரித்தாள். நாலு மாசத்தில் முதல் சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் குத்தியது. ஒரு வாரமாக நான் பேசின பேச்சுக்கு அந்த மனிதர் கடைக் கதை ஒன்று சொல்லியிருக்கலாம்.

"பெருசா இருந்தா குறைச்சுக்கலாம் மாமா" என்றார். "என்னோடதத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

செப்டம்பர் 21, ஞாயிறு

பலகையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு காதுமூடியிடம் போனோம். மூன்று ஓரமும் நேர்கோடு, மறுபேச்சில்லாமல் வெட்டிக்கொடுத்தார். கோணல் ஓரம்? அதில் நான் போட்டிருந்த சாக்கட்டிக் கோட்டைக் காட்டினேன். காதிலிருந்து மூடியை எடுத்துவிட்டுக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையைத் திருப்பி வைத்தார். கோணலையும் நேராக வைத்து வெட்டினால் அதுவும் நேர்கோடுதானாம். இதை ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

குழாய்க் கழுத்தை மட்டும் வீட்டில் அரம் வைத்து ராவினோம். அவர் ராவ, நான் குழாயில் நூலைச் சுற்றி அளந்து சொல்ல. ரெண்டு பேர் கையிலும் கொப்புளம்.

செப்டம்பர் 22, திங்கள்

இறங்கியது. ஒரு சத்தம்கூட இல்லை, பெட்டிக்கு மூடி போட்டது போல. மாப்பிள்ளை அதன்மேல் குதித்துக் காட்டினார். அளவுக்கு மீறின உற்சாகம்.

செப்டம்பர் 25, வியாழன்

மாப்பிள்ளை பால்கனியில் செருப்பு வைக்க ஒரு தட்டு செய்யப்போகிறார். படம் வரைந்துகொண்டே கேட்டார்: "மாமா, இதுக்குத் தையலுக்கு எவ்வளவு விடணும்?"

பழி தீர்க்க அஞ்சு நாள் காத்திருந்திருக்கிறார். ஆள் பரவாயில்லை.

செப்டம்பர் 27, சனி

பெரியவன் போன் செய்தான். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான். அவளிடம் கொடுக்கலாம் என்று போனால் கட்டிலில் ஆள் இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு, வாக்கரில் என் சட்டையைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். போனை நீட்டினேன்.

"அப்புறம் பேசுறேன்டா" என்றாள். "நான் வெளிய இருக்கேன்."