வரிசைக்கே கேட்ட பாவசங்கீர்த்தனம்

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் பிராங்கிளினுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் காதைத் தவிர மற்றதெல்லாம் சுகம், நீயும் பஹ்ரைனில் முழுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்வதில்லை என்று குறைப்பட்டாய். ஊரில் எல்லோரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில், கீழ்வீட்டு ஃப்ளோரா தரும் மீன் குழம்பைப் பதினெட்டு வருடமாகப் பொய்யாகப் புகழ்கிறேன், உண்மையில் பூனைக்கு வைக்கிறேன் என்று ஃபாதரிடம் மெல்லத்தான் சொன்னேன். அவர் தட்டிக்குப் பின்னால் கையை ஆட்டினார். கேட்கவில்லை போலும் என்று, பூனையும் அதைத் தொடுவதில்லை என்பதைச் சேர்த்து உரக்கச் சொன்னேன். வெளியே வந்தால் வரிசையே தலை குனிந்து நிற்கிறது, அதில் முதல் ஆள் ஃப்ளோரா. "யக்கா, பூன கூட துன்லியா?" என்று கேட்டாளாம். என் காதில் விழவில்லை. நான் புன்னகைத்துத் தலையசைத்துவிட்டு நடந்தேனாம். மூன்று வாரம் அவள் படியேறவில்லை.

பிறகு ஒரு நாள் என் குக்கர் பதினோரு விசில் அடித்ததாம். நான் எதிரிலேயே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்து அடுப்பை அணைத்த ஃப்ளோரா, அப்படியே காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். வலது காதில் அழுக்கு கல்லாகக் கிடந்தது, ஹேர்பின்னால் குடைந்து நானே உள்ளே தள்ளியது. ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டபின் எடுத்தார். சோதித்ததில் இரண்டு காதுமே வயதால் தளர்ந்திருக்கிறதாம், காது மெஷின்தான் வழி, பழகச் சில வாரமாகும் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "மெஷின் போடு, இல்லன்னா உன் வூட்டாண்ட வரமாட்டேன்" என்று ஃப்ளோரா கத்தினாள். போட்டுக்கொண்டேன். துறைமுகப் பட்டறைச் சத்தத்தில் போன உன் அப்பாவின் காது கடைசிவரை திரும்பவில்லை. நீயும் கப்பல் பட்டறையில்தான் இருக்கிறாய், காதடைப்பானைக் கழுத்தில் மாலையாகப் போடாமல் காதில் போடு.

மறுநாள் காலை ஃப்ளோரா கீரையோடு வந்தாள். எனக்கு இன்னும் கேட்காது என்ற நினைப்பில், அன்பாகச் சிரித்தபடி என் முகத்துக்கு நேரே, "கெழவிக்கு கவர்னர் பொண்டாட்டின்னு நெனப்பு" என்றாள். எத்தனை வருடமாக இந்த அர்ச்சனை நடக்கிறதோ தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் வராத வீட்டில் மூன்று வாரம் இருந்து பார்த்துவிட்டேன். மெஷின் இன்னும் பழகவில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு போன் செய்தால் இதைப் பற்றி மூச்சு விடாதே. ஜெனிக்கும் பிள்ளைகளுக்கும் உனக்கும் நெற்றியில் சிலுவையிட்டு என் ஆசீர்.

உன் அம்மா,
எமில்டா அருள்பிரகாசம்