சலங்கை மணி உருண்ட அறை

12 ஆகஸ்ட் 1983, வெள்ளி

பழைய ஆஸ்பத்திரியைக் கலை மண்டபமாக மாற்றியிருக்கிறார்கள். நடன வகுப்புக்கு எந்த அறை வேண்டும் என்று கேட்டபோது, கடைசி அறையைக் காட்டியது நான்தான். வெள்ளை ஓடு பதித்த தரை, உயரத்தில் பெரிய சன்னல், வெயிலிலும் குளிர்ச்சி.

இன்று முதல் வகுப்பு. மாலதியின் சலங்கையிலிருந்து ஒரு மணி தெறித்து, உருண்டு, அறை நடுவிலிருந்த தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் மூலையிலிருந்து இன்னொரு மணி. அதுவும் அதே ஓட்டைக்குள் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஸ்டெல்லா அக்கா அங்கே ஆஸ்பத்திரி காலத்து ஆயா. இப்போது மண்டபத்தைக் கூட்டுகிறார். பிள்ளைகள் போனதும் அவரிடம் கேட்டேன்.

"ஏன்க்கா தரை இப்படிச் சரிவா இருக்கு?"

"கழுவி விடத்தான் டீச்சர். பொணம் அறுக்கிற ரூம்லா இது. தெரிஞ்சுதான் கேட்டீங்கன்னு நெனச்சோம்."

நெனச்சோம் என்றார். அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும்.

புக்கிட் செலம்பா ஊரிலிருந்தெல்லாம் பெற்றோர் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். சொன்னால் ஒருவரும் அனுப்ப மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்...

இன்று வகுப்பு இடைவேளையில் என் மகள் அந்தத் தரையில் மல்லாந்து படுத்தாள். "ஜில்லுனு இருக்கும்மா, இங்கயே தூங்கலாம்லா" என்றாள். நான்தான் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன்.

இப்போது வீட்டிலும் அப்படியே கைகளை நீட்டித் தூங்குகிறாள். இரண்டு முறை எழுந்து போய் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

மறுபடியும் மல்லாந்துவிட்டாள்.