நின்றுபோன கலியாண ஓலை

சங்கரன்கோவில்
14.6.1979

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெபக்கனிக்கு உன் சித்தப்பா எழுதுவது. உன் சித்திக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, பசு சுகம், பிலாயில் நீயும் ஆஸ்பத்திரி வேலையில் சுகமாய் இருப்பாய் என்று ஆண்டவரை நம்பியிருக்கிறோம். என்னைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. தென்காசிச் சீமையில் சிங்கம் இருந்திருந்தால் அதன் பிடரியைப் பிடித்து உலுக்கியிருக்கக்கூடிய இந்த மகாவீரன் பதினைந்து நாளாய்ப் பயந்து நடுங்குகிறேன். நான் நடுங்குகிற நடுக்கத்தில் பட்டறையில் நாலு தறி கரண்டு இல்லாமலே ஓடும். சிரிக்காதே ஏட்டி, விஷயம் சிரிப்பு இல்லை.

நம் பக்கத்து வீட்டு வேதமாணிக்கம் அண்ணாச்சி மகள் சொர்ணமணிக்கு ராயகிரியில் மாப்பிள்ளை நிச்சயமானதை எழுதியிருந்தேன். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நம் சபை ஐயர் முதல் கலியாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கலியாணம். அந்தச் செவ்வாய்க்கிழமை மம்மது டீக்கடையில் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தது, வெயிலிலிருந்து மயக்கத்துக்குப் போனது, மயக்கம் என்றதும் எனக்கு நாக்கு அரித்துவிட்டது. போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் சொர்ணமணி பட்டினியில் தலைசுற்றி விழுந்தாளே, நீதானே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினாய். அதை நான் தெருவே அதிர விழுந்தாள் என்றேன், ஏழு ஆள் பிடித்தும் கை கால் அடங்கவில்லை என்றேன், கோவில் சாவிக்கொத்தைக் கையில் திணித்த பிறகுதான் கண் திறந்தாள் என்று முடித்தேன். கடையே சிரித்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும், எந்த வீட்டுப் பொண்ணு வே அது என்று கேட்டார். நான் பெருமையாக வீட்டு அடையாளம் உள்பட எல்லாம் சொன்னேன். அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

அடுத்த ஞாயிறு ஐயர் ஓலை வாசிக்கவில்லை. பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று கேள்விப்பட்டோம், நிறுத்தி வையுங்கள் என்று ராயகிரியிலிருந்து கடிதம் வந்ததாக ஆராதனை முடிந்து ஊரெல்லாம் பேச்சு. சாவிக்கொத்து என்றால் யாருக்கும் வேறென்ன தோன்றும்?  இது என் வாய் செய்த வேலை என்று உன் சித்தியிடம்கூட நான் சொல்லவில்லை. போன ஞாயிறு திருவிருந்து. முழங்கால் போட்டுத் தலை நிமிர்ந்தால் எனக்கு அடுத்து வேதமாணிக்கம் முழங்கால் போட்டிருக்கிறார். அப்பத்துக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நான் எழுந்து ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும், என் செருப்பு இன்னும் ஆலய வாசலில்தான் கிடக்கிறது. நாற்பது வருஷமாய்க் கிருபை கிருபை என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன் மகளே. அது கஞ்சித்தொட்டி மாதிரி, இல்லாதவன் வரிசையில் நிற்பான், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது தட்டோடு நிற்கவேண்டி வந்ததும் கால் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் உயிரை வெறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். கோபத்தில் தறிப்பலகையை முழங்காலில் வைத்து முறித்த மனுஷன் அவர். வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றும் கூட்டாமல் சொன்னேன், நம்பு. அவர், ராயகிரிக்காரன் அன்னைக்கே ஒம்ம அடையாளத்தச் சொல்லிட்டான் வே, ரெண்டு நாளு ஒம்ம வெட்டிப் போடணும்னுதான் இருந்துச்சு, ஞாயித்துக்கிழம ஒம்ம பக்கத்துல வந்து முழங்கால் போட்டது சும்மாவா, கோவத்த அங்கனயே விட்டுட்டேன், நீருதான் எந்திரிச்சு ஓடிட்டீரு என்றார். ஒரு அடி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாய் வந்திருப்பேன். இந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

அப்போது சொர்ணமணி உள்ளேயிருந்து வந்தாள். எப்போதும் என்னைக் கண்டதும் சிரிக்கிற பிள்ளை, சிரிக்கவில்லை. அப்பா மன்னிச்சிட்டாவ மாமா, எனக்கு இன்னும் வரல, தெனமும் ஜெபம் பண்ணுதேன், வர மாட்டேங்கு, நீரு ராயகிரிக்குப் போயி உள்ளத உள்ளபடி சொல்லும், ஒரு வார்த்த கூடச் சேக்கக்கூடாது என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.  வாழ்நாளெல்லாம் அளந்து விட்டவன் நிஜத்தைச் சொன்னால் எவன் நம்புவான்? நான் போய் இன்னும் கெடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆவாள்? நாளைக் காலையில் முதல் பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன். வேதமாணிக்கமும் கூட வருகிறாராம். ஏன் என்று கேட்டதற்கு, தனியா விட்டா புளியங்குடியில எறங்கி எலுமிச்சங்காய் வாங்கிட்டுத் திரும்பி வந்திருவீரு வே என்கிறார். மனுஷன் என் மனதுக்குள் எப்படி நுழைந்தாரோ.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கண்டதும், அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை நீ கண்ணால் பார்த்ததை, நர்ஸ் என்ற முறையில், நம் ஐயருக்கு எழுதிப் போடு. சித்தப்பா பாவம் என்று எனக்குச் சாதகமாய் ஒரு வரியும் வேண்டாம். பட்டினியோடு டூட்டிக்குப் போகாதே. சமாதானத்தின் தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நீ ஜெபிக்கும்போது சொர்ணமணி என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டுவிடாதே, அதைக் கேட்க எனக்கே தைரியம் இல்லை. அவளுக்கு நல்ல வாழ்வு அமைய வேண்டும் என்று மட்டும் கேள். என் காரியம் அவள் நேரத்துக்குக் காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ராயகிரி பஸ்ஸுக்குப் பயந்திருக்கும் உன் சித்தப்பா,
ஆ. தேவபிச்சை