பாலு கச்சேரிக்கு எடுத்துவந்த செருப்பு

என் உயிருக்கு முதலாய் நின்ற அம்மா,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள், வீட்டைக் கழுவிவிட்டாயிற்று. நீங்கள் கிடந்த இடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கை இன்று நானே குளிரவைத்தேன். நம் ஊர் பாகான் டாலாம் முழுவதும் என்னைப் பற்றி ஒரு பேச்சு அடிபடுகிறது. அது உங்களுக்கு என் வாயாலேயே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். கேட்க விரும்பும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

துக்கம் காக்கும் நாட்களுக்குள்ளேயே நான் பாலுவை ஒரு ராக் இசைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றேன், அம்மா.

பாலுவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் எனக்கு மிகவும் பிந்திப் பிறந்த தம்பி, நாற்பது வயதைத் தாண்டியும் சிறுபிள்ளையின் மனம் மாறாதவன், பிறப்பிலேயே அப்படி. அவனுக்கு உலகம் என்று இருந்தவை நீங்களும், வானொலியில் வரும் மலாய் ராக் பாடல்களும்தாம். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவன் அடிப்பான். வெங்காயம் உரித்தபடி நீங்கள் தலையாட்டுவீர்கள். நான் பூசையறையில் பதிகம் ஓதத் தொடங்கினால் மட்டும், "கொஞ்சம் மெதுவாடா, அக்கா சாமிகிட்ட பேசிக்கிட்டு இருக்கா" என்பீர்கள்.

அவன் பித்துப் பிடித்துக் கேட்கும் பாடகர்கள் அக்கரையிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு வருகிறார்கள் என்று அறிந்ததும், அடுத்த வீட்டுப் பாத்திமாவிடம் சொல்லி இரண்டு டிக்கெட் எடுத்து வைத்தீர்கள். "எண்பது வயசுக்கு மேல ராக் கச்சேரியாம்மா?" என்று நான் சிரித்தேன். "ஏன், என் காதுக்கு என்னா கொறச்சல்?" என்றீர்கள். பாலுவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் செய்தீர்கள். அம்மா கட்டாயம் வருவேன் என்று.

பிறகு ஒரு விடியலில் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது நம் வழக்கம். உங்களுக்கோ அவன் ஒருவனே மகன். ஆனால் உங்கள் தம்பி, என் மாமா, என்னைத் தனியே அழைத்தார். "நெருப்பப் பாத்தா அவன் பயந்துருவான் புள்ள. கத்துவான். நாலு பேரு கூடுற எடத்துல நல்லாருக்காது." நான் மறுக்கவில்லை. நீங்கள் கூடத்தில் கிடந்த நேரமெல்லாம் பாலு பாத்திமா வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவே கொள்ளி வைத்தார். மறுநாள் உங்கள் சாம்பலைக் கடலில் கரைத்தார். அம்மா வெளியே போயிருக்கிறார் என்பதற்கு மேல் அவனிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அவனை முழுவதும் நம்பவைத்தது அடுத்து நாங்கள் செய்ததுதான். உங்கள் படத்தின் முன் நாள்தோறும் காப்பியும் பலகாரமும் வைத்தோம். "யாருக்கு அக்கா?" என்று கேட்டான். "அம்மாவுக்கு" என்றேன். "அம்மா வருவாங்களா?" மாமா முந்திக்கொண்டார்: "வருவாங்கடா. வந்து சாப்புட்டுப் போவாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது." அப்படிச் சொல்வதுதானே நம் வழக்கம்? அவன் அதை உள்ளபடியே எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு காலையும் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பான். காப்பி ஒரு விரற்கடை வற்றியிருந்தால் போதும், "வந்தாங்க, வந்தாங்க" என்று கைகொட்டுவான்.

கச்சேரி நாள் வந்தது. பிற்பகலிலேயே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ஒரு கையில் டிக்கெட்டுகள். மறுகையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் உங்கள் செருப்பு.

"இது எதுக்குடா?"

"அம்மா செருப்பு போடாம போயிட்டாங்க. அங்க நேரா வந்துருவாங்க. கால் சுடும்ல?"

மாமா கொதித்துப் போனார். "தீட்டு இன்னும் கழியல. கோயில்ல பதிகம் பாடறவ, நீயே ஆட்டம் பாக்கப் போனா ஊரு என்னா லா சொல்லும்?"

"ஊரு சொல்றத அப்புறமா கேட்டுக்கலாம் மாமா. இவன் வாசலவிட்டு நகர மாட்டேங்கிறான்."

உங்கள் சத்தியத்தைக் காப்பாற்ற வேறு யார் மிச்சம், அம்மா?

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் கடலைக் கடந்தோம். பாலு கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி வந்தான். "அம்மா பெர்ரியில போனாங்களா, பஸ்ஸுலயா?" என்று கேட்டான். அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் இருந்தீர்கள். "தெரியலடா" என்றேன். நிலையாமையைப் பாடிய செய்யுட்களை நான் எத்தனை இழவு வீடுகளில் ஓதியிருக்கிறேன்! அவன் கேட்ட அந்த எளிய கேள்விக்குச் சொல்ல அவற்றில் ஓர் அடிகூட வாய்க்கு வரவில்லை.

கடலோரத் திடலில் இளைஞர் கூட்டம் நெருங்கி நின்றது. பாலு உங்கள் செருப்பைப் பைக்குள்ளிருந்து எடுத்து, தனக்கு வலப்பக்கம் புல்லின்மேல் சேர்த்து வைத்தான். நம் தமிழ்ப் பிள்ளை ஒருவன் பின்வாக்கில் நகர்ந்து அதை மிதிக்கப் போனான்.

"டேய், மிதிக்காத லா! எங்க அம்மா எடம்!"

"சாரி அண்ணே. அம்மா எங்க?"

"சாப்புடப் போயிருக்காங்க."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. உங்களைத் தூக்கியபோது அடித்த மேளத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் கொட்டு அது. திடலே குதித்தது. மேடைக்கு முதுகைக் காட்டி நின்றவன் பாலு ஒருவன்தான். அவன் ஏங்கிய பாடகர்கள் பின்னால் பாடிக்கொண்டிருக்க, அவன் வருகிறவர்களின் முகங்களையே தேடினான். தலை நரைத்த ஒரு சீனப் பாட்டி பேரனுடன் கடந்து போனார். எம்பிப் பார்த்தான், முகம் வாடித் திரும்பினான். நான் அவன் காதருகே ஏதோ சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்காதிருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுகைக்காக மேடையை நிறுத்தினார்கள். எங்கிருந்தோ பாங்கு ஒலித்தது. அத்தனை பெரிய கூட்டமும் அடங்கியது. பாலு என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். "அக்கா, பாட்டு நின்னுருச்சு. அம்மா இன்னும் வரல."

அந்த அமைதியில் எனக்கு ஒளிய இடமில்லை, அம்மா.

"அம்மா வரமாட்டாங்க பாலு. அம்மா செத்துட்டாங்க."

"ஜிம்மி மாதிரியா?" என்று கேட்டான். நம் வீட்டு நாய் ஜிம்மி இறந்தபோது, குழி தோண்டிப் புதைத்தவன் அவன்தான், நினைவிருக்கிறதா?

"ஆமாண்டா. ஜிம்மி மாதிரி."

"ஜிம்மிய நான்தான் பொதைச்சேன். அம்மாவ யாரு?"

"மாமா. கொள்ளி வச்சாரு."

"நான் எங்க இருந்தேன்?"

"பாத்திமா வீட்டுல."

"ஏன் என்னைக் கூப்புடல?"

சாவைப் பற்றி அவனுக்கு விளக்க வேண்டியிருக்கும் என்றுதான் நாங்கள் எல்லாரும் அஞ்சியிருந்தோம். அதில் அவனுக்கு ஐயமே இல்லை. அவன் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அவன் குனிந்து செருப்பை எடுத்தான். ஒட்டியிருந்த புல்லைச் சட்டையில் துடைத்தான். மார்போடு அணைத்துக்கொண்டு அன்று முதல்முறையாக மேடையின் பக்கம் திரும்பினான். மறுபடி கொட்டு முழங்கியது, கூட்டம் கத்தியது, அவனும் கத்தினான். மாமா அஞ்சிய அதே கத்தல். நம் கூடத்தில் நாங்கள் இடம் கொடுக்காத கத்தல். சுற்றி நின்றவர்கள் அவனும் பாட்டோடு சேர்ந்து பாடுகிறான் என்று எண்ணி அவன் தோளைத் தட்டினார்கள். அது அழுகை என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். குரல் கம்மும் வரை கத்திவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றான்.

பதினாறாம் நாளில் கருமக் காரியத்துக்கு அவனையே உட்கார வைத்தேன். "சபையில அழுவான்" என்றார் மாமா. "அழட்டும் மாமா, அவன் அம்மாவுக்குத்தானே அழறான்" என்றேன். பூசாரி, "தாயார் பேரச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"அம்மா."

"அது இல்லப்பா. பேரு, பேரு."

"அம்மாதான் லா!"

பூசாரி என்னைப் பார்த்தார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். ஆனால் உங்கள் காதில் விழுந்தது எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும். பிண்டத்தைக் கடலில் விட்டபோது அவன் கத்தவில்லை.

டம்ளருக்குள் இப்போது அவன் எட்டிப் பார்ப்பதில்லை. பிஸ்கட் டின்னையும் தொடுவதில்லை. மாமா பேச்சுக் கொடுத்தால் எழுந்து போய்விடுகிறான். செருப்பு அவன் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. கூட்டும்போது நான் நகர்த்தினால்கூடக் கோபம் வருகிறது. என் இதயம் பலவீனமாகிவருகிறது என்று மருத்துவர் சொல்லிவருவது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பின் அவனுக்கு யார்? இதற்கு இறைவன் இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.

இன்று விளக்கைக் குளிரவைத்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, நீ செத்தா எனக்குச் சொல்வியா?"

"செத்தப்புறம் நான் எப்படிடா சொல்றது?"

"அப்ப முன்னாடியே சொல்லு."

முன்னாடியே சொல்வேன், அம்மா. என் நாள் நெருங்குவதை நான் அறிந்தால், அதை முதலில் அறிகிறவன் அவனாக இருப்பான். எனக்குக் கொள்ளி வைக்கும் கையும் அவன் கைதான், மாமாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவனை உன் வீட்டுக்கு அழைக்காதே என்று பாத்திமாவிடமும் சொல்லிவிட்டேன். அவன் என் தலைமாட்டில் நிற்பான். கத்த வேண்டுமென்றால் கத்துவான்.

நீங்கள் விட்டுச்சென்றவனுக்கு மூச்சுள்ளவரை அக்காவாக இருக்கும்,
உங்கள் மூத்த மகள்