செல்லமலரை நல்ல பிள்ளை ஆக்கச் சொல்கிறார்கள்

அச்சகம் உன் வீட்டுக்கு அனுப்பிய உன் நாவலின் புரூவ், திருத்தம் பார்க்கும் அச்சுப்படி, இன்று காலை என் கைக்கு வந்தது. கட்டைப் பிரித்ததும் புது மை வாசம் மூக்கில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் புதுப் புத்தகம் தரும் நாளில் அந்த வாசத்துக்காகவே நீ பக்கங்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாய், பாடம் தொடங்கியதுகூடத் தெரியாமல். இன்று நான் அப்படி முகத்தைப் புதைத்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எனக்கு முன்னமே உன் அண்ணை அதை வாசித்து முடித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனையால் கோடு.

நாளை மறுநாள் கீரிமலைக் கடற்கரையில் உனக்கு அந்தியேட்டி, உயிரை வழியனுப்பும் கிரியை. அதற்கடுத்த நாள் வீட்டில் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு கல்வெட்டுப் புத்தகம் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, புலம்பலாக நாலு பாட்டு. அந்தப் பாட்டுகளில் இதுவரை ஒருவரும் கெட்டவராக இருந்ததில்லை. படுக்கையில் கிடந்தபடி நீ சொன்னாய்: "என்ரை கல்வெட்டிலை ரெண்டு தேவாரம் காணும். மிச்சத்துக்கு என்ரை பேய்க்கதையைப் போடுங்கோ. சனம் சோத்துக்குப் பிறகு சிரிக்கட்டும்." லண்டனிலிருந்து அண்ணையும் போனில் ஓம் என்றார். இப்போது செத்தவீட்டுக்கு வந்து நிற்கிறார்; அப்போது அவர் கதையை வாசித்திருக்கவில்லை.

செல்லமலர் பிறந்தது உன் மருந்துக்கடையில். மத்தியான வெயிலில் உரும்பிராய்ச் சந்தியில் காக்கைகூடப் பறக்காது. நான் என் தையல்கடையைச் சாத்திவிட்டுச் சோற்றுப் பெட்டியோடு உன்னிடம் வருவேன். ஒரு நாள் என் வாழைக்காய்ப் பொரியலில் கை வைத்துக்கொண்டே கேட்டாய்: "ஏன்டி, பேயைக் காதலிச்சா வீட்டிலை சம்மதிப்பினமே?"

"சாதகம் பொருந்தினாச் சம்மதிப்பினம்" என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மருந்து வாங்க வந்த மனுசன் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் நான் வந்தபோது முதல் அத்தியாயம் தயாராக இருந்தது.

வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகைக்கு வருகிறாள் செல்லமலர். நாற்பது வயது, கலியாணம் ஆகவில்லை, சங்கக்கடையில் வேலை. அந்த வீட்டுக் கிணற்றில் ஒரு பேய். உயிரோடு இருந்த காலத்தில் வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். எத்தனையோ புயலைத் தாண்டிய மனுசன், பெண் பார்க்க வந்த இடத்தில் கால் கழுவப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தார். அந்த வெட்கம் அவரைச் செத்த பிறகும் விடவில்லை. அவர் முதன்முதலில் வாசலில் வந்து நின்றபோது செல்லமலர் மயங்கி விழவில்லை. "உள்ளை வாறதெண்டாச் செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்" என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். கால்களே இல்லை. "சரி, அப்பிடியே வாரும்."

அவளிடம் எனக்குப் பிடித்தது அந்தத் துணிவு. அதைவிடவும் அவள் கதை கேட்கிற விதம். தண்டையல் ஒரே புயலைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அலை ஒரு பனை உயரம் கூடும். அவளும் புதிதாகக் கேட்பவள்போலப் "பிறகு?" என்பாள். ஆனால் குறைகளை எங்கே வைப்பது? அவருக்குப் படைத்த மோதகத்தைத் தானே தின்றுவிட்டுக் காகத்தின் தலையில் பழியைப் போடுவாள். பக்கத்து வளவுப் புளியமரத்து மோகினியோடு பொறாமையில் குடுமிப்பிடிச் சண்டை. மன்னிப்புக் கேட்க அவள் வாய் வளையாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை பொய். தண்டையலுக்கு ஒருவரும் அந்தியேட்டி செய்யவில்லை, அதனால்தான் அவர் கிணற்றில் கிடக்கிறார். கீரிமலையில் அதைச் செய்வித்தால் அவருக்கு விடுதலை. செய்விக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள், பிறகு அவரில் மனம் வைத்துவிட்டாள். "ஐயருக்குக் காய்ச்சல்." "கீரிமலை பஸ் பழுதாம்." "இண்டைக்கு அட்டமி, கூடாது." அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கென்ன அவசரம்" என்பார். இந்த இடங்களை நீ வாசிக்கும்போது நாம் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறியது உண்டு.

அண்ணையின் சிவப்புக் கோடுகள் எல்லாம் இந்த இடங்களில்தான்.

"பிள்ளை, உந்தப் பொய்யெல்லாத்தையும் வெட்டுங்கோ. மோதகம் களவெடுக்கிறதையும் வெட்டுங்கோ. கலியாணம் கட்டாத பொம்பிளை எழுதின கதை. சனம் அவளைத்தான் செல்லமலர் எண்டு கதைக்கும்."

"கதைச்சாக் கதைக்கட்டுமே அண்ணை."

"நீங்கள் சொல்லுவீங்கள். அவள் உயிரோடை இருக்கேக்கை நான் ஒண்டும் செய்யயில்லை. பேரையாவது காப்பாத்த வேண்டாமே?"

அந்த மனுசனோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பேன்?

கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கைதானே என்று வெட்டியும் பார்த்தேன். பொய் சொல்லாத செல்லமலர், பேயைக் கண்ட கிழமையே ஐயரைக் கூப்பிட்டுக் கிரியை செய்வித்து அவரை அனுப்பிவிடுகிறாள். கதை நாலாம் பக்கத்தில் முடிந்துபோனது. களை என்று நினைத்துப் பிடுங்க வெங்காயமும் சேர்ந்து வந்த மாதிரி, அவளுடைய குறையோடு அவளுடைய அன்பும் வந்துவிட்டது. நல்ல பிள்ளையாக நின்றவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

வெட்டுவது ஒரு துன்பம் என்றால், இல்லாதது அதைவிடப் பெரிய துன்பம். கடைசி அத்தியாயத்தை நீ எழுதவேயில்லை. செல்லமலர் ஒருவழியாகத் தண்டையலைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு வருகிறாள். கீரிமலை பஸ் வந்து நிற்கிறது. கதையும் அங்கேயே நிற்கிறது. ஏறினாளா? அவரை அனுப்பினாளா? உன் கட்டிலில் இருந்து உன் காலைத் தடவிக்கொண்டு நான் கேட்டேன்.

"எனக்கே தெரியாதடி. எழும்பி இருக்க ஏலுமெண்டா எழுதேக்கை தெரியும்" என்றாய்.

"கெதியா எழும்புவாய். ரிப்போட் நல்லாத்தான் இருக்காம்."

நீ என்னையே பார்த்தாய். பிறகு சிரித்தாய். "செல்லமலர் மாதிரியே கதைக்கிறாய்" என்றாய். நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே வந்து, குசினிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நேற்று முழுவதும் அந்த முடிவை நானே எழுத முயன்றேன். அவளை ஏற்றிப் பார்த்தேன். ஏற்றாமலும் பார்த்தேன். பஸ்ஸையே பழுதாக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் சிரிப்பு வரவில்லை. உன் பகிடி எனக்கு வராது. அச்சகத்துக்காரர் இன்று பின்னேரத்துக்குள் தராவிட்டால் முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகம் இல்லை என்கிறார். உன் கடைசி ஆசையை நான் கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். யாரைப் போய்க் கேட்பேன்? கேட்கவேண்டிய ஆள் நீதான்.

மத்தியானம் புரூவைத் தூக்கிக்கொண்டு அண்ணையிடம் போனேன். "நான் வெட்டமாட்டன். வெட்டுறதெண்டா நீங்களே வாசிச்சு வெட்டுங்கோ" என்று அவருக்கு முன்னால் இருந்துவிட்டேன். அவர் வாய்விட்டு வாசித்தார். செல்லமலர் தண்டையலிடம், "எனக்கு ஒண்டுமில்லை, தூசி விழுந்ததாலை கண் கலங்குது" என்று சொல்லும் இடம் வந்தது. அவர் நிறுத்திவிட்டார்.

"எனக்கும் இப்பிடித்தான் பிள்ளை சொன்னவள். 'எனக்கு ஒண்டுமில்லை அண்ணை, வடிவாச் சாப்பிடுறன், அவசரப்பட்டு வரவேண்டாம்' எண்டு. நானும் நம்பிக்கொண்டு இருந்திட்டன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நான் கவலைப்படக் கூடாதெண்டு சொன்ன பொய். அதைப்போய் நான் வெட்டுறனே." பிறகு சிவப்புப் பேனையை மூடினார். "ஒண்டையும் வெட்டவேண்டாம். அவள் விட்ட இடத்திலையே விடுங்கோ. சனம் என்னவும் கதைக்கட்டும்."

அச்சகத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன் செல்லமலர் மோதகக் களவோடும் பொய்யோடும் வீடு வீடாகப் போவாள். பஸ் நிற்கிற இடத்தில் கதை நின்றுவிட, சனம் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசும். ஏசட்டும்.

இனி எனக்கு மிஞ்சியது கீரிமலை. அண்ணை எள்ளும் தண்ணீரும் விடுவார். நான் படியில் நின்று பார்ப்பேன். இது முடிந்தால் உனக்கு நிம்மதி என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அது தெரியும். ஆனால் மத்தியானச் சோற்றை நான் யாரோடு சாப்பிடுவேன்? செல்லமலரின் குறைகளில் ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறேன்: எனக்கு உன்னை அனுப்ப மனம் இல்லை. அவர்கள் எல்லோரும் உன்னைப் போகச் சொல்லிக் கும்பிடும்போது, நான் இரு என்றுதான் கேட்பேன். முடிவைச் சொல்லாமல் எங்கே போகப் பார்க்கிறாய்? பேயாக வந்தாலும் பரவாயில்லை. வந்து சொல்லிப்போட்டுப் போடி.